மண்ணில்லாத விதைக்கிழங்கு: எங்கள் வலைக்கூடத்தில் பார்த்தது

நீலகிரியில் உருளைக்கிழங்கு போடுகிறவர்களுக்கு வேரைத் தாக்கும் முட்டைக்கூடு நூற்புழுவைப் புதிதாகச் சொல்ல வேண்டாம். 1961இல் இங்கே கண்டுபிடித்தார்கள், இன்னும் போகவில்லை. அதன் முட்டைக்கூடு வேரில் குண்டூசித் தலை அளவில் மஞ்சளாக ஒட்டியிருக்கும். பயிரே இல்லாவிட்டாலும் அந்தக் கூடு மண்ணில் 20 ஆண்டுவரைகூடத் தாக்குப்பிடிக்கும். குஃப்ரி சொர்ணா மாதிரி ரகங்கள் எதிர்த்து நிற்கும், சரி. ஆனால் விதைக்கிழங்கோடு ஒட்டிக்கொண்டு வரும் மண்ணை என்ன செய்வது? அதனால்தான் மண்ணே வேண்டாம் என்று, பூச்சி புகாத வலை அடித்த கூடத்துக்குள் தென்னை நார்க்கழிவில் விதைக்கிழங்கு வளர்க்க மாறினோம்.

பொள்ளாச்சிப் பக்கமிருந்து கட்டிகள் வரவழைத்தோம். ஊறவைத்த தண்ணீரில் உப்பு அளக்கும் ஈசி மீட்டரை வைத்தால் எண் எகிறுகிறது, அவ்வளவு உப்பு. விற்றவரோ "நல்லா கழுவினதுதாங்க" என்று சாதித்தார். திரும்பத் திரும்ப நல்ல தண்ணீரில் அலசி, கால்சியம் நைட்ரேட் கரைசலில் ராத்திரி முழுக்க ஊறப்போட்டு, மறுபடி அலசினோம். நாரில் ஒட்டியிருக்கும் சோடியத்தை கால்சியம் வெளியே தள்ளிவிடும். இந்த வேலைக்குச் சோம்பல்பட்டால் இளம் நாற்றின் இலை ஓரம் கருகும்.

நாற்று திசு வளர்ப்புக் கூடத்திலிருந்து பாட்டிலில் வரும். வேரில் ஒட்டியிருக்கும் அகர் என்ற வளர்ப்புக் கூழைச் சுத்தமாகக் கழுவிவிடுங்கள். அதில் சர்க்கரை உண்டு, பூஞ்சைக்கு அது விருந்து. நட்டதும் கொஞ்ச நாள் பாலிதீன் மூடி, ஈரக்காற்றுக் குறையாமல் வைத்துப் பிறகு மெதுவாகத் திறக்க வேண்டும். செடி உயர உயரத் தண்டைச் சுற்றி நாரைக் கூட்டினோம். புதைந்த கணுக்களிலிருந்துதான் கிழங்கு பிடிக்கும் ஓடுதண்டுகள் வரும். கிழங்கு பிடிக்கும் நேரத்தில் தழைச்சத்தைக் குறைத்துச் சாம்பல் சத்தைக் கூட்ட வேண்டும். இல்லாவிட்டால் மேலே காடு, கீழே ஒன்றும் இருக்காது. ராத்திரிக் குளிர் மலையில் இலவசம், அது பெரிய உதவி.

செடி வளரும் நாரைவிடக் கூடத்தின் கதவுதான் முக்கியம் என்பது என் கட்சி. சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சி ஒன்று உள்ளே புகுந்தால் வைரஸும் கூடவே வரும், அப்புறம் செய்த செலவெல்லாம் வீண். இரட்டைக் கதவு, மஞ்சள் ஒட்டுப்பொறி எல்லாம் வைத்தோம். ஆனாலும் முட்டைக்கோஸ் தோட்டத்திலிருந்து நேரே வந்த மைத்துனர், "மாமா, ஒரு ரவுண்டு பாத்துட்டு வந்துடறேன்" என்று சட்டையோடு நுழையப் பார்த்தார். வாசலிலேயே நிறுத்தினேன். இன்னும் கோபம்தான். பின்இலைக்கருகல் நோய் வேறு விஷயம். அதன் வித்துகள் காற்றில் வருபவை, வலை தடுக்காது. இலை ஈரத்தைக் குறைப்பதுதான் வழி.

கடைசியில் தண்ணீரைக் குறைத்து, தழையை வெட்டிவிட்டு, தோல் முற்ற ஒன்றிரண்டு வாரம் விடுங்கள். ஈரம் அதிகமானால் கிழங்கின் மேல் வெள்ளைப் புள்ளியாகத் துளைகள் விரியும், அந்த வழியே அழுகல் நுழையும். 3 கிராமுக்கும் குறைவான கிழங்கை நாங்கள் நிலத்துக்கு அனுப்புவதில்லை, அடுத்த முறை வலைக்கூடத்திலேயே போடுகிறோம்.

*

ஓசூர்ப் பக்கமிருந்து நான். கிழங்குவரை காத்திருக்காமல் வேர்விட்ட நுனித்துண்டுகளையே நாற்றாக எடுக்கிறோம், கர்நாடகத்து ஹாசன் பக்கம் பரவிய முறை இது. திசு வளர்ப்புத் தாய்ச்செடியின் நுனியைக் கிள்ளி நார்த்தட்டில் வேர்விட வைத்து நட வேண்டியதுதான். தாய்ச்செடி முதுமை அடையக் கூடாது. இலை தனி இலையாக இருக்கும்வரை கிள்ளலாம், ஒரே காம்பில் பல சிற்றிலை வரும் கூட்டிலையாக மாறினால் அந்தச் செடியை மாற்றிவிடுங்கள். அண்ணா, உங்கள் சின்னக் கிழங்குகளை முளைப்புக்கு எப்படி வைக்கிறீர்கள்? இருட்டிலா?

*

இருட்டு வேண்டாம் தம்பி, முளை வெளுத்து நீண்டு ஒடியும். நேர் வெயில் படாத வெளிச்சத்தில் தட்டில் ஒரே அடுக்காகப் பரப்புங்கள். குட்டையாக, தடியாக, பச்சையாக வரும். அறுவடையான கிழங்கு உறக்கம் கலைந்து முளைக்க இரண்டு மூன்று மாதம் ஆகும், ரகத்துக்கு ரகம் மாறும். அந்த அறைக்கும் வலை அடித்துவிடுங்கள், முளையில் அசுவினி சீக்கிரம் ஏறும்.