நால்வரும் சாப்பிடக்கூடியது எது?

மலேசியாவில் கிள்ளானிலிருந்து பினாங்குக்கு ஒரே காரில் போன நண்பர்கள் நாங்கள். ஒருவன் மலாய்க்காரன், ஹலால் அல்லாததைத் தொடமாட்டான். ஒருவன் பினாங்குச் சீனன்; அவன் வீட்டில் குவான் யின் வழிபாடு உண்டு, ஆகவே மாட்டிறைச்சி கிடையாது. நானும் மாட்டிறைச்சி உண்பதில்லை. நான்காமவன் திருச்சியிலிருந்து எங்கள் அலுவலகத்துக்கு வந்து ஐந்து மாதங்களே ஆகியிருந்தவன்; முட்டைகூடச் சேர்க்காத சைவம். புறப்படும்போதே ஒரு முடிவு எடுத்துக்கொண்டோம். எந்த ஊரில் நிறுத்தினாலும் நால்வரும் சாப்பிடக்கூடியதைத்தான் சாப்பிடுவது; ஒருவன் காரில் காத்திருக்க மற்றவர்கள் சாப்பிட்டுவிட்டு வருவது என்ற பேச்சே இல்லை.

போகும்போது பழைய சாலையில் போனோம். 1994இல் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுவதும் திறந்த பிறகு, தஞ்சோங் மாலிம், சிலிம் ரிவர், பீடோர், கம்பார் என்று ஊர் ஊராக நின்று சாப்பிட்டுக்கொண்டே போகிற பழக்கம் பலருக்கு விட்டுப்போயிற்று. வேகமாகப் போய்ச் சேர வேண்டுமென்றால் நெடுஞ்சாலை நல்லதுதான். சாப்பிடத்தான் போகிறோம் என்றால் பழைய சாலைக்கு ஈடில்லை.

காலையில் பசியாறியது ஒரு மாமாக் கடையில், அதாவது தமிழ் முஸ்லிம் உணவுக்கடையில். தோசை வந்தது. ஊற்றிக்கொள்ளப் பருப்பு வேண்டும் என்று திருச்சிக்காரன் கேட்டான். நான் சட்டென்று அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். மாமாக் கடையில் பருப்பு இரண்டு வகை: ஒன்று வெறும் பருப்புக் குழம்பு, மற்றது டால்ச்சா. டால்ச்சாவில் ஆட்டு எலும்பு போட்டுக் கொதிக்கவைப்பது வழக்கம். பார்த்தால் இரண்டும் சாம்பார் போலத்தான் இருக்கும். தமிழ்நாட்டிலிருந்து வருகிற சைவ நண்பர்கள் இதைத் தயவுசெய்து நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

காலையில் தப்பித்தோமே தவிர மதியம் மாட்டிக்கொண்டோம். ஈப்போவுக்கு முன்னால் ஒரு சிற்றூரில், நாமே சோறும் கறியும் எடுத்துக்கொள்கிற கலப்புச் சோற்றுக் கடை. கங்கோங் கீரையையும் முட்டைக்கோஸையும் மட்டும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தவன், இரண்டாவது கவளத்தில் நிறுத்திவிட்டான். பெலாச்சான். பொடி இறாலை உப்பிட்டுப் புளிக்கவைத்து இடித்த கட்டி அது. எங்கள் நாட்டுச் சமையலில் பெருங்காயம் போலக் கொஞ்சமாகச் சேரும், வாசனை மட்டும் எங்கும் இருக்கும். அவன் எழுந்து போய் வாய் கொப்பளித்துவிட்டு வந்தான். ஒரு சொல்லும் கடிந்து பேசவில்லை. கடைக்கார அம்மாவுக்குத்தான் முகம் வாடிவிட்டது. "இறைச்சி இல்லையே, கீரைதானே" என்று மலாயில் திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை. பெலாச்சானை அவர் இறைச்சியாக எண்ணியதே இல்லை. உள்ளே போய் ஒரு முழுப் பப்பாளியை நறுக்கிக் கொண்டுவந்து அவன் முன் வைத்தார். காசு வாங்க மறுத்துவிட்டார்.

அன்று காரில் மலாய் நண்பன் அவனுக்கு ஒரு பாடம் நடத்தினான். "இறைச்சி வேண்டாம் என்று மட்டும் சொல்லாதே. தாக் மாவு பெலாச்சான், தாக் மாவு இக்கான் பிலிஸ், தாக் மாவு ஊடாங் கெரிங் என்று மூன்றையும் சொல்." அதாவது பெலாச்சான், நெத்திலி, காய்ந்த இறால் மூன்றும் வேண்டாம். சீன நண்பன் தன் பங்குக்குத் தன் வீட்டுச் சீன மொழியான ஹொக்கியனில் 'சியா சாய்' என்று சொல்லக் கற்றுக்கொடுத்தான். சைவம் சாப்பிடுகிறேன் என்று பொருள். சந்திரமாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் அவன் அம்மா சைவம் என்பதால் அந்தச் சொல் அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம். ஈப்போ வரும்வரை திருச்சிக்காரன் இவற்றைத் திருப்புகழ் மாதிரி உருப்போட்டுக்கொண்டு வந்தான்.

ஈப்போவில் சீன நண்பனின் ஆசை தௌகே ஆயாம். மென்மையாக வெந்த கோழியும் ஈப்போவுக்கே உரிய குட்டையான, தடித்த மொச்சு மொச்சென்ற முளைப்பயறும். அவனுக்குப் பிடித்த கடை ஹலால் கடை அல்ல. கடை வாசலைத் தாண்டும்போது அவன் காரின் வேகத்தைக்கூடக் குறைக்கவில்லை. "புந்தோங் போவோம்" என்றான், அவ்வளவுதான்.

புந்தோங் ஈப்போவின் ஒரு பகுதி. புந்தோங் என்றால் கச்சாங் பூத்தே. மலாயில் வெள்ளைக் கடலை என்று பெயரே தவிர, முறுக்கு, ஓமப்பொடி, பக்கோடா, காரக் கடலை, மரவள்ளி வறுவல் எல்லாம் அதற்குள் அடங்கும். ஒரு காலத்தில் தலையில் தட்டைச் சுமந்து, சினிமாக் கொட்டகை வாசலில் காகிதக் கூம்பில் மடித்து நம்மவர்கள் விற்றது. நாங்கள் நுழைந்த கடையில் இருந்த மூதாட்டி என்னிடம் "பசியாறிவிட்டீர்களா தம்பி?" என்று தமிழில் கேட்டார். மலாய் நண்பனிடம் மலாயில் பேசினார். சீன நண்பனைப் பார்த்ததும் சரளமாகக் கண்டனீஸில் தொடங்கிவிட்டார். ஈப்போ கண்டனீஸ் பேசும் ஊர். இவனோ ஹொக்கியன் பேசுகிற பினாங்குக்காரன். "பாட்டி, எனக்கு அது தெரியாது" என்று அவன் மலாயில் சொல்ல, "சீனப் பிள்ளைக்குச் சீனம் தெரியவில்லையே!" என்று பாட்டி வியந்துபோனார். ஒவ்வொரு டப்பாவிலிருந்தும் ஒரு பிடி எடுத்து எங்கள் நால்வர் உள்ளங்கையிலும் வைத்தார். சூடான ஓமப்பொடியை வாயில் போட்ட திருச்சிக்காரன் கொஞ்ச நேரம் பேசவேயில்லை. அவன் அம்மா தீபாவளிக்குச் சுடுவது இதே மணமாம். ஐந்து மாதத்தில் அன்றுதான் அவன் வீட்டைப் பற்றிப் பேசிக் கேட்டேன்.

தைப்பிங்கில் மழை. செண்டோல் என்ற குளிர்ந்த இனிப்பு மட்டும் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினோம்.

பினாங்கில் இரவு. லிட்டில் இந்தியாவில் வாழை இலைச் சைவச் சாப்பாடு ஆன பிறகு, முடிவைத் திருச்சிக்காரனே தளர்த்தினான். "நாசி கண்டார் சாப்பிடாமல் நீங்கள் திரும்பினால் எனக்குத் தூக்கம் வராது. போவோம், நான் தே தாரிக் குடித்துக்கொண்டு கூட இருக்கிறேன்." தமிழ் முஸ்லிம்கள் தோளில் தடி வைத்து, ஒருபக்கம் சோறும் மறுபக்கம் கறியுமாகத் தொங்கவிட்டுத் துறைமுகத் தொழிலாளர்களுக்கு விற்றதில் பிறந்த உணவு இது. கண்டார் என்றால் மலாயில் தோளில் காவுவது. "அப்படியானால் காவடிச் சோறு" என்றான் அவன். அதைவிடச் சரியான பெயரை நான் கேட்டதில்லை. மலாய் நண்பன் "பஞ்சிர்" என்று சொல்ல, மீன், கோழி, கணவாய் என்று நான்கைந்து குழம்புகள் சோற்றின் மேல் வெள்ளமாக இறங்கின. பரிமாறியவர் திருச்சிக்காரனின் வெறும் மேசையைப் பார்த்தார்; என்ன ஏது என்று கேட்டறிந்துகொண்டு, ஒரு தட்டு நிறைய அப்பளத்தை அவன் முன் வைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் பாலிக் பூலாவ். ஜூன் மாதம், டுரியான் காலம். மலைச்சரிவில் ஒரு கொட்டகை, மர பெஞ்சு, கீழே குவியல் குவியலாகப் பழம். தோட்டக்காரர் கத்தியை ஒரு திருப்புத் திருப்பி ஆங் ஹே ரகத்தைப் பிளந்தார். உள்ளே சதை செம்மஞ்சளாக இருந்தது. முதல் சுளையைத் திருச்சிக்காரன் கையில் கொடுத்தோம். வழக்கம்போல "இதில் என்ன..." என்று தொடங்கினான்.

"ஒன்றுமில்லை, பழம்தான்" என்றோம் மூவரும் ஒரே நேரத்தில்.

கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டான். இன்னொன்று கேட்டான். மூன்று பழம் காலியான பிறகு மலாய் நண்பன் வெற்று ஓட்டில் தண்ணீர் ஊற்றினான். அப்படிக் கழுவினால்தான் விரலில் நாற்றம் போகும் என்பது இங்கே எல்லார் வீட்டிலும் சொல்வது. ஒரே ஓட்டுக்குள் எட்டுக் கைகளும் ஒன்றோடொன்று மோதிக்கொண்டன.