ரேடார் தரவில் டொர்னேடோவைக் கண்டறிதல்: பொய்க் குறிகளைக் குறைப்பது எப்படி?

கேள்வி

வணக்கம். அமெரிக்காவின் நெக்ஸ்ராட் வானிலை ரேடார்களின் இரண்டாம் நிலைத் தரவை இறக்கி, பைத்தானில் பைஆர்ட் நூலகத்தின் வழியே படித்து, டொர்னேடோக்களைத் (மேகத்திலிருந்து தரை வரை நீளும் கடும் சுழல்காற்று) தானாகக் கண்டறியும் நிரல் ஒன்றை எழுதி வருகிறேன். வழிமுறை எளியதுதான்: மிகத் தாழ்ந்த 0.5 பாகை ஏற்றக்கோணத்தில், ரேடாரிலிருந்து ஒரே தொலைவில் அடுத்தடுத்த திசைக்கோணங்களில் உள்ள இரு கட்டங்களின் டாப்ளர் திசைவேகங்களை (ரேடாரை நோக்கியோ அதை விட்டு விலகியோ செல்லும் வேகம்) ஒப்பிட்டு, வேறுபாடு நொடிக்கு 40 மீட்டரைத் தாண்டினால் அவ்விடத்தைக் குறிக்கிறது. அருகில் நிகழ்ந்த வலுவான டொர்னேடோக்களை இது பிடித்துவிடுகிறது. ஆனால் டொர்னேடோவே இல்லாத நாள்களிலும் திரையெங்கும் குறிகள் விழுகின்றன. தொலைவில் நிகழ்ந்தவையோ பெரும்பாலும் தப்பிவிடுகின்றன. வரம்பை எந்த அளவில் வைப்பது சரியாக இருக்கும்?

பதில் 1

வரம்பைத் தொடுவதற்கு முன், திசைவேக மடிப்பை, அதாவது அளவு எல்லையைத் தாண்டிய வேகம் தவறான மதிப்பாகப் பதிவாவதை, நீக்கிவிட்டீர்களா என்று பாருங்கள். நீங்கள் சொல்லும் அறிகுறிகளை வைத்துப் பார்த்தால் நீக்கவில்லை என்றே தோன்றுகிறது.

இந்த ரேடார்களின் அலைநீளம் ஏறத்தாழ 10 செ.மீ. நொடிக்கு 1,000 துடிப்புகள் அனுப்பினால், 150 கி.மீ. வரை குழப்பமின்றித் தொலைவை அறியலாம். ஆனால் திசைவேகத்தை நொடிக்கு 25 மீட்டர் வரையில்தான் ஐயமின்றி அளக்க முடியும். துடிப்புகளைக் கூட்டினால் வேக எல்லை உயரும், தொலைவு எல்லை சுருங்கும். இரண்டையும் ஒருசேர உயர்த்த இயற்பியல் இடம் கொடுப்பதில்லை. எல்லையைத் தாண்டிய வேகம் எதிர்க்குறியோடு மறுபக்கம் தோன்றும். ரேடாரை விட்டு 24 மீட்டர் வேகத்தில் விலகும் கட்டத்துக்குப் பக்கத்தில் 26 மீட்டர் வேகத்தில் விலகும் கட்டம் இருந்தால், தரவில் முதலாவது +24 என்றும் இரண்டாவது −24 என்றும் பதிவாகும். உண்மையான வேறுபாடு 2. உங்கள் நிரல் காண்பதோ 48. பலத்த காற்று வீசும் நாளில் இந்த எல்லைக்கோடு நெடுந்தொலைவு நீளும் என்பதால், அதன் வழி நெடுகக் குறிகள் விழுவதில் வியப்பில்லை.

பைஆர்ட்டில் பகுதிவாரியாக மடிப்பை நீக்கும் செயற்கூறு உள்ளது. அதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். திசைவேகம் பெரும்பாலும் சீராகவே மாறும் என்ற எண்ணத்தில் அது இயங்குவதால், சீர் குலைந்திருக்கும் டொர்னேடோவின் இடத்திலேயே பிழை செய்யக்கூடும். முன்னும் பின்னுமான படங்களைச் சில நிகழ்வுகளுக்காவது நேரில் ஒப்பிட்டுப் பாருங்கள். எதிரொலிப்பு (ரேடாருக்குத் திரும்பி வரும் அலையின் வலு) மிகக் குறைந்த கட்டங்களையும், காற்றாலைகள் நிற்கும் இடங்களையும் கணக்கிலிருந்து விலக்கிவிடுவது நல்லது. சுழலும் இறக்கைகள் பொய்யான திசைவேகங்களைத் தரும்.

பதில் 2

முந்தைய பதிலோடு உடன்படுகிறேன். ஆனால் தொலைவில் உள்ளவை தப்புவதற்குக் காரணம் வேறு. எல்லாத் தொலைவுக்கும் பொருந்தும் ஒரே வரம்பு என்று ஒன்று கிடையாது என்பதே என் கருத்து.

ரேடார் அனுப்பும் அலைக்கற்றையின் அகலம் ஏறத்தாழ 1 பாகை. 30 கி.மீ. தொலைவில் அது அரை கிலோமீட்டர் அகலமும் தரையிலிருந்து 300 மீட்டர் உயரமும் கொண்டிருக்கும். 100 கி.மீ. தொலைவில் அகலம் 1.7 கி.மீ. ஆகிவிடும், புவியின் வளைவும் சேர்ந்துகொள்வதால் கற்றையின் நடுப்பகுதி ஏறத்தாழ 1.5 கி.மீ. உயரத்தில் செல்லும். 200 மீட்டர் அகலமுள்ள டொர்னேடோ அந்தப் பருமனுக்குள் கரைந்துபோகும். அங்கே ரேடார் காண்பது பெரும்பாலும் மேகத்துக்குள் சில கிலோமீட்டர் அகலத்தில் சுழலும் மீசோசைக்ளோனை மட்டுமே. மீசோசைக்ளோன்களில் பெரும்பாலானவை டொர்னேடோவை ஈன்றெடுப்பதில்லை. 1973 மே 24 அன்று ஓக்லஹோமாவின் யூனியன் சிட்டியைத் தாக்கிய டொர்னேடோவின் டாப்ளர் தரவில்தான் அடுத்தடுத்த கட்டங்களின் இந்தத் திசைவேகப் பாய்ச்சல் முதன்முதலாக அடையாளம் காணப்பட்டது. அந்த அடையாளமும் தரைக்கு மேலே, மேகத்துக்குள்தான் முதலில் தோன்றியது.

எனவே இரு கட்டங்களைக் கழிப்பதை விட்டு, சுற்றியுள்ள கட்டங்களுக்குத் தளம் ஒன்றைப் பொருத்தித் திசைக்கோண வாக்கில் திசைவேகம் மாறும் வீதத்தைக் கணக்கிடுங்கள். தனிக் கட்டத்தின் இரைச்சல் அதில் அடங்கும். வரம்பைத் தொலைவுக்கேற்ப மாற்றுங்கள். அந்தச் சுழற்சி அடுத்த ஏற்றக்கோணங்களிலும், அடுத்தடுத்த வருடல்களிலும் (ரேடார் வானத்தைச் சுற்றி அளக்கும் ஒவ்வொரு முறையும்) தொடர்கிறதா என்று பாருங்கள்.

கேட்டவரின் மறுமொழி

இருவருக்கும் நன்றி. மடிப்பை நீக்கியதும் குறிகள் வெகுவாகக் குறைந்துவிட்டன. இன்னும் ஒரு சந்தேகம்: சிதைபொருள்கள் காற்றில் பறப்பதை ரேடார் காட்டும் என்கிறார்களே, அதையே முதன்மை அளவுகோலாகக் கொள்ளலாமா?

பதில் 3

உறுதிப்படுத்துவதற்குக் கொள்ளலாம், முன்னெச்சரிக்கைக்கு உதவாது. 2013-இல் நிறைவடைந்த மேம்பாட்டுக்குப் பின் இந்த ரேடார்கள் கிடைமட்டம், செங்குத்து ஆகிய இரு முனைவாக்கங்களிலும் (அலை அதிரும் திசைகள்) அளக்கின்றன. மழைத்துளிகள் ஒரே பாங்கில் இருப்பதால் இரண்டுக்கும் இடையிலான ஒட்டுறவுக் கெழு (இரு அளவீடுகளும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதன் அளவு) 0.95-க்கு மேல் நிற்கும். கூரைத் துண்டுகளும் மரக்கிளைகளும் தாறுமாறாகச் சுழலும்போது அது 0.80-க்குக் கீழே விழும். ஆனால் அந்தக் கூரை பெயர்ந்த பிறகுதானே அந்த எண் விழுகிறது! மேலும் பறவைக் கூட்டமும் பெரிய ஆலங்கட்டியும் இதே கெழுவைத் தாழ்த்தும். ஆகவே வலுவான எதிரொலிப்பு, சுழற்சி, தாழ்ந்த கெழு ஆகிய மூன்றும் ஒரே இடத்தில் பொருந்தினால் மட்டும் குறியிடுங்கள். வெட்டவெளியில் அடிக்கும் வலுக்குறைந்த டொர்னேடோ இந்தத் தடயத்தை விடாமலே போகலாம்.

பதில் 4

நிரலை எப்படி மதிப்பிடுகிறீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். டொர்னேடோ அரிய நிகழ்வு என்பதால், எப்போதும் "இல்லை" என்று சொல்லும் நிரலுக்கும் 99 சதவீதத்துக்கு மேல் துல்லியம் கிடைத்துவிடும். கண்டறிந்த விகிதத்தையும் பொய் எச்சரிக்கை விகிதத்தையும் தனித்தனியே பாருங்கள். டொர்னேடோ நிகழ்ந்ததாகப் பதிவான அறிக்கைகளில் உள்ள நேரம் சில நிமிடங்கள் முன்பின்னாக இருக்கக்கூடும். ஒரு முழு வருடலுக்கு 4 முதல் 6 நிமிடங்கள் ஆகும் என்பதால், மின்னல் வேகத்தில் தோன்றி மறையும் சிறு டொர்னேடோ இரு வருடல்களுக்கு இடையிலேயே முடிந்திருக்கவும் கூடும்.

இயந்திரக் கற்றலுக்குப் போகும் எண்ணமிருந்தால், எம்ஐடியின் லிங்கன் ஆய்வகம் 2024-இல் வெளியிட்ட டோர்நெட் தொகுப்பைப் பாருங்கள். 2 லட்சத்துக்கும் மேற்பட்ட ரேடார் படங்களில் 13,587 படங்கள் டொர்னேடோவைக் காட்டுபவை. எச்சரிக்கை விடுக்கப்பட்டும் டொர்னேடோ உருவாகாத நிகழ்வுகளும் அதில் உள்ளன, உங்களுக்கு வேண்டியவை அவைதான். தரவைப் பிரிக்கும்போது நாள்வாரியாகப் பிரியுங்கள். ஒரே புயலின் அடுத்தடுத்த வருடல்கள் பயிற்சியிலும் சோதனையிலும் கலந்துவிட்டால் வரும் மதிப்பெண்ணுக்குப் பொருளில்லை.