உதவி: 2 வருஷ பாண்ட், 15 மாசத்தில் விலகுகிறேன். டிரெய்னிங் செலவுன்னு 2,36,000 கேட்கிறாங்க

பாளை_பொண்ணு:
எல்லாருக்கும் வணக்கம். சென்னை ஓ.எம்.ஆரில் ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில் 15 மாசமா வேலை பார்க்கிறேன். கைக்கு வர்றது 18,500. சேரும்போது 100 ரூபாய் ஸ்டாம்ப் பேப்பரில் 2 வருஷ பாண்ட் எழுதி வாங்கினாங்க. நடுவில் போனா 2 லட்சம் கட்டணும். என் டிகிரி ஒரிஜினலும், தொகையும் தேதியும் எழுதாம கையெழுத்து மட்டும் போட்ட செக் ஒண்ணும் அவங்ககிட்ட இருக்கு.

அப்பாவுக்கு வாரம் மூணு நாள் டயாலிசிஸ். அம்மா ஒருத்தியா அலையுறாங்க. திருநெல்வேலியிலேயே வேலை கிடைச்சிருக்கு, அதனால ரிசைன் பண்ணிட்டேன். மறுநாளே மெயில்: 2,00,000, அதுக்கு மேல 18 சதவீதம் ஜி.எஸ்.டி. 36,000. கட்டினாத்தான் ரிலீவிங் லெட்டராம்.

அந்த டிரெய்னிங்கைச் சொல்லிடுறேன். மொத்தம் 3 வாரம். ஒரே மேஜையைச் சுத்தி 8 பேர், லேப்டாப் 5. முதல் வாரம் ப்ராஜெக்ட் இல்லாம இருந்த ஒரு சீனியர் அண்ணா சொல்லிக் கொடுத்தார். மீதி ரெண்டு வாரம் இன்டர்நெட்டில் சும்மா கிடைக்கிற வீடியோ. நாலாவது வாரமே கிளையண்ட் வேலை. இதுக்கு 2 லட்சமா? அவ்வளவு பணம் எங்க வீட்டில் கிடையாது. என்ன செய்யட்டும்?

கிண்டி_குமார்:
பாண்ட் எல்லாம் கோர்ட்டில் நிக்காதும்மா. சொல்லாம கொள்ளாம கிளம்பிடுங்க. என் ஃப்ரெண்ட்ஸ் நாலு பேர் அப்படித்தான் போனாங்க, ஒண்ணும் ஆகல.

மதுரை_வக்கீல்:
குமார் தம்பி, தயவுசெஞ்சு இப்படி வழி சொல்லாதீங்க. அந்தப் பொண்ணோட ஒரிஜினலும் செக்கும் அங்கே இருக்கு.

2025 மே மாசம் உச்சநீதிமன்றம் விஜயா பாங்க் வழக்கில் தீர்ப்பு சொன்னது. 3 வருஷத்துக்கு முன்னாடி விலகினா 2 லட்சம் என்ற நிபந்தனை செல்லும்னு சொல்லிட்டாங்க. ஆனா அதை முழுசாப் படிக்கணும். அங்கே விலகினவர் நல்ல சம்பளத்தில் இருந்த சீனியர் மேனேஜர், அந்தச் சம்பளத்துக்கு 2 லட்சம் அதிகமில்லைன்னு பார்த்தாங்க. அரசு வங்கி ஒரு இடத்தை நிரப்பணும்னா திரும்பவும் விளம்பரம், தேர்வுன்னு போகணும், அதையும் கணக்கில் எடுத்தாங்க. 18,500 சம்பளக்காரிக்கு அதை அப்படியே பொருத்த முடியாது.

உங்களுக்குக் கைகொடுக்கிறது 1872 ஒப்பந்தச் சட்டம் 74-ஆவது பிரிவு. பாண்டில் எழுதியிருக்கிற தொகை உச்சவரம்புதான். அதுக்குள்ள நியாயமான ஈடு எவ்வளவோ அதுதான் கிடைக்கும். 2011-ல் டெல்லி உயர்நீதிமன்றத்தில் ஒரு வழக்கு, சிக்பா இந்தியா. அங்கேயும் 3 வருஷம், 2 லட்சம். பயிற்சிக்கு நிஜமா ஆன செலவு 67,595. ஊழியர் 2 வருஷம் வேலை பார்த்திருந்தார். மிச்சம் ஒரு வருஷம், அதனால மூணில் ஒரு பங்கு, 22,532 ரூபாய் கட்டச் சொன்னாங்க.

அதனால முதல் வேலையா மெயிலில் கேளுங்க: "எனக்கு ஆன பயிற்சிச் செலவுக்குக் கணக்கும் பில்லும் தரவும்." போனில் பேசாதீங்க. நோட்டீஸ் பீரியடையும் ஒரு நாள் குறையாம முடிச்சுக் கொடுங்க.

ஹெச்ஆர்_அக்கா:
நான் 11 வருஷமா ஹெச்.ஆர். அந்த ஜி.எஸ்.டி.யைக் கட்டவே கட்டாதீங்க. பாண்ட் தொகைக்கு ஜி.எஸ்.டி. கிடையாதுன்னு 2022 ஆகஸ்டில் மத்திய மறைமுக வரி வாரியம் சுற்றறிக்கையே விட்டிருக்கு, எண் 178. மெயிலில் அந்த எண்ணை மட்டும் போடுங்க, 36,000 தன்னால காணாமப் போகும்.

பி.எஃப். பணத்தில் அவங்க கைவைக்க முடியாது. வேலையை விட்ட தேதியை அவங்க ஏத்தலைன்னாலும், கடைசிப் பணம் கட்டி 2 மாசம் கழிச்சு உங்க யு.ஏ.என். (பி.எஃப். உறுப்பினர் எண்) லாகினில் நீங்களே ஏத்திக்கலாம்.

கோவை_சிவா:
எதிர்ப்பக்கமும் சொல்லணும். என்னை கம்பெனி செலவில் 4 மாசம் ஜெர்மனிக்கு அனுப்பி மெஷின் கத்துக்கொடுத்தாங்க. டிக்கெட், தங்கல், ஃபீஸ் எல்லாத்துக்கும் பில் காட்டினாங்க. பாதியில் விலகினேன், மிச்ச மாசத்துக்குக் கணக்குப் போட்டுக் கட்டினேன். எனக்கு வருத்தமே இல்லை. அவங்க பணத்தில்தானே கத்துக்கிட்டேன்?

மதுரை_வக்கீல்:
சிவா சொல்றது சரி. கம்பெனி நிஜமா செலவு பண்ணித் தனிப் பயிற்சி கொடுத்திருந்தா பாண்ட் நிக்கும். 1996-ல் தோஷ்னிவால் பிரதர்ஸ் வழக்கில் சென்னை உயர்நீதிமன்றம் அப்படித்தான் சொன்னது. பாளை தங்கச்சி விஷயத்தில் கேள்வியே, செலவு நடந்ததாங்கிறதுதான்.

சர்டிபிகேட் பத்தி: படிப்புச் சான்றிதழ் சந்தைப் பொருள் கிடையாது, கடனுக்கு ஈடா பிடிச்சு வைக்க முடியாதுன்னும் சென்னை உயர்நீதிமன்றம் சொல்லியிருக்கு. எழுதிக் கேட்டு, பதிவுத் தபாலிலும் ஒரு காப்பி அனுப்புங்க.

எனக்குப் பயம் செக் மேலதான். அவங்களே தொகை எழுதி பாங்கில் போட்டு பணமில்லைன்னு அது திரும்பினா, செக் மோசடியைப் பத்தின மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138-ஆவது பிரிவில் நோட்டீஸ் வரும். வந்தா தூக்கிப் போட்டுடாதீங்க, 15 நாளைக்குள்ள பதில் போகணும். இப்பவே செக் நம்பரைப் போட்டு, "வேலையில் சேரும்போது தொகை நிரப்பாமல் பாதுகாப்புக்காகக் கொடுத்தது, திருப்பித் தரவும்"னு மெயில் அனுப்பிடுங்க. பின்னாடி வழக்குன்னு வந்தா அந்த மெயில் பேசும். வக்கீல் வைக்கப் பணமில்லைன்னா 15100-க்குப் போன் பண்ணுங்க, சட்டப்பணிகள் ஆணையம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காம இலவச உதவி உண்டு.

பாளை_பொண்ணு:
எல்லாருக்கும் நன்றி. மூணு வாரம் கழிச்சு எழுதுறேன். முதல் மெயிலுக்குப் பதிலே இல்லை. சுற்றறிக்கை எண் போட்ட ரெண்டாவது மெயிலுக்கு ஹெச்.ஆர். கூப்பிட்டுப் பேசினாங்க. அக்கா சொன்ன மாதிரியே ஜி.எஸ்.டி. போயிடுச்சு. அப்புறம் ஒரு பக்கக் கணக்கு கொடுத்தாங்க: அந்த சீனியர் அண்ணாவோட சம்பளத்தில் ஒரு பங்கு, லேப்டாப், சாப்பாடுன்னு மொத்தம் 48,000. எதுக்கும் பில் இல்லை. ஆனா எனக்கு இழுத்தடிக்கத் தெம்பு இல்லை. 24 மாசத்தில் மிச்சம் 9, அப்படின்னா 18,000 தர்றேன்னு எழுதினேன். ரெண்டு நாள் கழிச்சு ஒத்துக்கிட்டாங்க. கடைசிச் சம்பளத்தில் கழிக்கச் சொல்லி நானே எழுதிக் கொடுத்துட்டேன்.

இன்னைக்கு டிகிரி கைக்கு வந்துடுச்சு. பீரோவில் ஒரு ஃபைலுக்குள்ள ஓரம் மடங்கிக் கிடந்தது. கையில் வாங்கினதும் அழுதுட்டேன். பாக்கி எதுவும் இல்லைன்னு லெட்டரும் ரிலீவிங் லெட்டரும் ரெடி. செக்கை மட்டும் காணோம், தேடி அனுப்புறோம்கிறாங்க. நம்பி வந்துடலாமா அண்ணா?

மதுரை_வக்கீல்:
வந்துடாதீங்கம்மா. "இந்த நம்பர் செக் எங்களிடம் தொலைந்துவிட்டது, இனி பயன்படுத்த மாட்டோம், கிடைத்தால் கிழித்துவிடுவோம்"னு லெட்டர்ஹெட்டில் கையெழுத்து, சீலோட வாங்குங்க. அதை வச்சு, அந்த செக்குக்குப் பணம் கொடுக்காதீங்கன்னு பாங்கில் ஸ்டாப் பேமெண்ட் எழுதிக் கொடுத்துடலாம்.

பாளை_பொண்ணு:
சரிங்கண்ணா. ராத்திரி நெல்லை எக்ஸ்பிரஸில் டிக்கெட் இருக்கு. அதுவரைக்கும் ரிசப்ஷனிலேயே உட்கார்ந்திருக்கேன். டைப் பண்றாங்க.