புல்லு வெட்டுற மெசினுக்கு போட் ஒயில் விடலாமோ? அவசரம்

வட்டக்கச்சி வயல்காரன்
வணக்கம். மூண்டு ஏக்கர் வயல் செய்யிறன். காலபோக விதைப்புக்கு முதல் வரம்பெல்லாம் செருக்க வேணும், கூலிக்கு ஆள் பிடிக்க ஏலாமல் கிடக்கு. அதாலை போன மாசம் பழைய புல்லு வெட்டுற மெசின் ஒண்டு வாங்கினன். ரூ ஸ்ரோக். புத்தகம் இல்லை, ராங்கியில ஒட்டியிருந்த தாளும் அழிஞ்சு போச்சு.

ஒயில் கேட்டுப் போன கடையில மோட்டார்சைக்கிளுக்கு விடுற 4ரி (ஃபோர் ஸ்ரோக்) ஒயிலைத் தந்து, "ஒயில் எண்டா ஒயில்தான், கலந்து அடியுங்கோ" எண்டினம். ஒரு லீற்றர் பெற்றோலுக்கு சோடா மூடியால நாலு மூடி விட்டன். ரெண்டு நாள் நல்லா வெட்டிச்சு. இப்ப நீலப் புகை தள்ளுது. பத்து நிமிசம் ஓட இழுவை குறைஞ்சிடுது, முழு றேஸ் குடுத்தாலும் சுத்து ஏறுதில்லை. பிளக்கைக் கழட்டினா கறுப்பா, பிசுபிசுத்துக் கிடக்கு.

முல்லைத்தீவில மச்சான் கடற்தொழில். அவரிட்ட போட் எஞ்சினுக்கு விடுற ரிசி-டபிள்யூ3 ஒயில் ஒரு கான் இருக்கு. "இதுவும் ரூ ஸ்ரோக் ஒயில்தானே, கொண்டு போ" எண்டுறார். விடலாமோ? இருந்த காசைப் போட்டு வாங்கின மெசின், பிஸ்ரன் போயிட்டுதோ எண்டு நித்திரை இல்லை.

மாங்குளம் கராச்
அண்ணை, முதல் ஒரு வேலை செய்யுங்கோ. இழுவை குறையேக்க ராங்கி மூடியைக் கொஞ்சம் தளர்த்திப் பாருங்கோ. உடன தெளிஞ்சால் மூடியில இருக்கிற காத்துத் துவாரம்தான் அடைபட்டிருக்கு. தெளியாட்டி சைலன்சரைக் கழட்டுங்கோ. கன மெசின்களில அதுக்குள்ள நெருப்புப்பொறி தடுக்கிற சின்னக் கம்பிவலை ஒண்டு இருக்கும். 4ரி ஒயில் விட்ட மெசின் எண்டா அதில கரி பிடிச்சிருக்கும் எண்டுதான் நான் நினைக்கிறன்.

ஏனெண்டால் 4ரி ஒயில் எஞ்சினுக்கு அடியில தங்கி நிண்டு சுத்துறதுக்குச் செய்தது, எரியிறதுக்கு இல்லை. உங்கட மெசினில ஒயிலுக்கெண்டு தனி இடமே கிடையாது. பெற்றோலோட கலந்து உள்ள போய், கிராங்க் பெயரிங்கையும் பிஸ்ரனையும் நனைச்சுப்போட்டு, அதோடயே எரியுது. 4ரியில போட்டிருக்கிற உலோகச் சேர்மானம் எரிஞ்சாச் சாம்பல்தான். அது பிளக்கிலயும் புகை போற வாசலிலயும் ஒட்டும்.

சைலன்சர் கழண்டிருக்கேக்கையே அந்த வாசலுக்குள்ளால ரோச் அடியுங்கோ. பிளக்கையும் கழட்டிப்போட்டு, கயிற்றை மெல்ல இழுத்தால் பிஸ்ரன்ட பக்கம் தெரியும். நெடுக்குக் கீறல் இருக்கோ எண்டு பார்த்துச் சொல்லுங்கோ.

நாயாற்றுக்கரை
போட் ஒயிலைப் பற்றி நான் சொல்லுறன், எங்கட தொழில் அது. ரிசி-டபிள்யூ3 தண்ணியில குளிருற எஞ்சினுக்கானது. கடல்தண்ணி சுத்திக்கொண்டே இருக்கிறபடியால் எங்கட எஞ்சின் பெரிசாச் சூடேறாது. அதுக்கேற்ற மாதிரி சாம்பல் தராத ஒயிலாச் செய்திருக்கினம். உங்கட மெசின் காத்தில குளிருறது, சூடு கூட. அந்தச் சூட்டுக்குப் போட் ஒயில் தாங்காமல் பிஸ்ரன் றிங் இருக்கிற காடிக்குள்ள பிசினாக் கட்டி, றிங் ஒட்டிப்போகும். மச்சான் மனசாரத்தான் தாறார், ஆனா அது அவற்றை எஞ்சினுக்கே இருக்கட்டும். மெசினுக்கு வாங்கின ஒயிலையும் அவருக்குக் குடுத்திடாதேங்கோ, போட் எஞ்சினுக்கு அது கூடாது.

குளத்தடி ஐயா
தம்பி, கடைக்காரரோட கோவப்படாதையும். பொருளாதாரத் தடைக் காலத்தில மண்ணெண்ணெயில மோட்டார்சைக்கிள் ஓட்டின சனம் நாங்கள். பெற்றோலைத் துளித்துளியா விட்டு ஸ்ராட் எடுத்தம். கிடைச்சதை விட்டு ஓடினதால "ஒயில் எண்டா ஒயில்தான்" எண்டது வாயில தங்கிப் போச்சு. இப்ப கடையில சரியான சாமான் இருக்கு. கேட்டு வாங்கும்.

மாங்குளம் கராச்
ஐயா சொன்னது சரி. கானில "2ரி" (ரூ ஸ்ரோக்) எண்டு மட்டும் பார்க்காமல், யப்பான்காரற்றை ஜாஸோ தரத்தில எஃப்சி அல்லது எஃப்டி எண்டு போட்டிருக்கோ எண்டு பாருங்கோ. கீழ்த் தரமான எஃப்பியை விட எஃப்சியில புகை குறைவு. எஃப்டி கரியையும் நல்லாக் கழுவும். சர்வதேசத் தரமான ஐஸோவில ஈஜிசி, ஈஜிடி எண்டு இருந்தாலும் கிட்டத்தட்ட அதே தரங்கள்தான்.

புத்தகம் இல்லாதபடியால் 40க்கு 1 கலவுங்கோ, லீற்றருக்கு 25 மில்லி. 50க்கு 1 எண்டால் 20 மில்லி. மூடிக் கணக்கு வேண்டாம், ஊசி போடுற 10 மில்லி சிறிஞ்சால அளவுங்கோ. கூட விட்டால் பாதுகாப்பு எண்டு நினைக்கிறதும் பிழை, கரிதான் மிஞ்சும். கானில பாதிப் பெற்றோலை விட்டு, ஒயிலை ஊத்திக் குலுக்கி, மிச்சப் பெற்றோலை விடுங்கோ. 92 பெற்றோல் காணும். ஒரு மாசத்துக்கு மேல வைச்சிருக்கப்படாது.

வட்டக்கச்சி வயல்காரன்
பார்த்திட்டன்! மூடியைத் தளர்த்தியும் தெளியேல்லை. சைலன்சரைக் கழட்டினா, வலை முழுக்கத் தார் பூசின மாதிரி, ஒரு கண்ணுக்குள்ளாலயும் வெளிச்சம் வரேல்லை. மண்ணெண்ணெயில ஊறவிட்டு, கம்பிப் பிரசால தேய்ச்சு எடுத்தன். பிஸ்ரன் பக்கம் வழுவழுப்பாத்தான் கிடக்கு, கீறல் இல்லை. மனுசியும் ரோச் அடிச்சுப் பார்த்து இல்லையெண்டுதான் சொன்னா.

பரந்தனில ஜாஸோ எஃப்டி ஒயில் கிடைச்சது. புதுப் பிளக் போட்டு, 25 மில்லி கலந்து, இண்டைக்கு முக்கால் மணித்தியாலம் விடாமல் வெட்டினன். இழுவை குறையேல்லை. முதல் கொஞ்ச நேரம் புகைச்சது, பிறகு அடங்கீற்றுது. உங்கள் எல்லாருக்கும் கோடி புண்ணியம்.

ஒண்டு மட்டும். பழைய 4ரி கலவை முக்கால் லீற்றர் மிச்சம் கிடக்கு. என்ன செய்ய?

மாங்குளம் கராச்
மெசினுக்குத் திருப்பி விடாதேங்கோ. கிணத்தடியில, வாய்க்காலில ஊத்தவும் வேண்டாம். கானை இறுக்கி மூடி, மேல எழுதி ஒட்டி, அடுப்படிக்குத் தூரத்தில வையுங்கோ. கறள் பிடிச்ச நட்டு, போல்ற் கழுவ உதவும். பத்து மணித்தியாலம் ஓடினாப் பிறகு பிளக்கைக் கழட்டிப் பாருங்கோ. மண்ணிறமா இருக்க வேணும். வெள்ளையா வெளிறியிருந்தால் ஓட்டாமல் இங்க எழுதுங்கோ, காபரேற்றரைப் பார்ப்பம்.