1949 நோர்ட்டன் இஎஸ்2: பொருத்தப்பட்டிருக்கும் கியர் பொக்ஸ் எந்த வகை?

வெள்ளவத்தை_ஒற்றைச்சிலிண்டர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பதிவுப் புத்தகத்தில் 1949 எனக் குறிக்கப்பட்ட நோர்ட்டன் இஎஸ்2 மோட்டார் சைக்கிள் ஒன்றை, நீண்ட காலம் தெமட்டகொடையில் ஒரு கொட்டகையில் கிடந்த நிலையில் வாங்கி, இப்போது முழுமையாகப் பிரித்துக்கொண்டிருக்கிறேன். 490 சிசி எஞ்சின், ரோட்ஹோல்டர் முன் ஃபோர்க், பின்புறம் பிளஞ்சர் சஸ்பென்ஷன் ஆகியவை அந்த ஆண்டுக்குப் பொருந்துகின்றன. கியர் பொக்ஸில்தான் சந்தேகம். அந்த ஆண்டுக்கு "டோல்ஸ் ஹெட்" எனப்படும் உயரமான பெட்டியே வரவேண்டும் என்று வாசித்திருக்கிறேன். என்னிடம் உள்ளதோ உயரம் குறைந்தது, வெளி மூடி வழவழப்பாக இருக்கிறது, கிளச் கேபிள் மூடியின் மேற்புறத்தால் உள்ளே இறங்குகிறது. விற்றவர் எல்லாமே ஒரிஜினல் என்று உறுதியாகச் சொன்னார். பெயாரிங்குகளையும் புஷ்களையும் இங்கிலாந்திலிருந்து வரவழைப்பதற்கு முன்னர், இது எந்த வகை என்பதை ஐயமின்றி அறிய விரும்புகிறேன். கூட்டின் மீதிருந்த இலக்கம் யாரோ கிரைண்டர் பிடித்ததால் வாசிக்க முடியாதபடி இருக்கிறது.

பழைய_கராஜ் எழுதியது:

தம்பி, இலக்கம் அழிந்ததைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். பதிவுப் புத்தகத்தில் இருப்பவை எஞ்சின் இலக்கமும் சேசிஸ் இலக்கமும்தான், கியர் பொக்ஸ் எப்போது மாற்றப்பட்டது என்பதை எந்தப் புத்தகமும் சொல்லாது. கொழும்பில் நான் பார்த்த பழைய பிரிட்டிஷ் வண்டிகளில் பெரும்பாலானவை இரண்டு மூன்று வண்டிகளின் பாகங்கள் சேர்ந்தவையே. ஆகவே ஆண்டை ஒரு பக்கம் வைத்துவிட்டுப் பெட்டியின் உருவத்தைப் பாருங்கள்.

நோர்ட்டன் நான்கு கியர் பெட்டிகளில் உங்களுக்குத் தேவையானவை மூன்று. ஸ்டர்மி ஆர்ச்சர் நிறுவனத்தின் வடிவமைப்பை நோர்ட்டன் தன்வசமாக்கிக்கொண்ட பின்னர், 1930களின் நடுப்பகுதியிலிருந்து 1949 வரை வந்தது நிமிர்ந்த பெட்டி, அதாவது நீங்கள் சொன்ன டோல்ஸ் ஹெட்; கால் கியர் மாற்றும் பொறி கூட்டின் தலைக்கு மேல் தனியாக உருண்டு நிற்பதால், தூரத்திலிருந்தே அடையாளம் காணலாம். 1950 மாதிரிகளுடன் "லேடவுண்" வந்தது; அதில் அந்தப் பொறியை மேலிருந்து இறக்கி முன்பக்கமாகப் படுக்க வைத்தார்கள், அதனால் பெட்டியின் உயரம் குறைந்தது. 1956இல், நோர்ட்டனின் தாய் நிறுவனமான ஏஎம்சியின் பெயரில் அழைக்கப்படும் ஏஎம்சி பெட்டி அறிமுகமாகி, 1957 மாதிரிகளிலிருந்து நிலைத்து, சிறு மாற்றங்களுடன் நோர்ட்டனின் பிந்திய மாதிரியான கமாண்டோவின் இறுதிக் காலம் வரை ஓடியது.

நீங்கள் சொல்லும் வழவழப்பான மூடியும் மேலிருந்து இறங்கும் கேபிளும் ஏஎம்சியைத்தான் சுட்டுகின்றன. மூடியில் இரண்டு ஸ்க்ரூக்களால் பிடிக்கப்பட்ட சிறிய பார்வைத் தகடு இருக்கிறதா என்று பாருங்கள். அதைக் கழற்றினால் கிளச் நெம்புகோல் உள்ளே தெரியும். பெட்டியைத் தலைகீழாகத் திருப்பினால், கூட்டின் அடியில் குவிந்த தலையுடைய ஒரு நட் இருக்க வேண்டும். கியர்களைத் தேர்ந்தெடுக்கும் கேம் தட்டைப் பிடித்து நிறுத்தும் பிளஞ்சரும் ஸ்பிரிங்கும் அதற்குள்ளேதான் இருக்கின்றன. வெளி மூடியை ஐந்து ஸ்க்ரூக்களும், உள் மூடியை ஏழு நட்டுகளும் பிடித்திருக்கும். தயவுசெய்து மில்லிமீற்றர் ஸ்பனரால் எதையும் தொட வேண்டாம். பழைய பிரிட்டிஷ் அளவான விட்வர்த் ஸ்பனர் தொகுதி ஒன்றை இரவல் வாங்கியாவது பாவியுங்கள்.

சங்கிலிக்_கோடு எழுதியது:

அண்ணா சொன்னவற்றுடன் உடன்படுகிறேன், ஆனால் ஒரு விடயத்தில் அவசரப்பட வேண்டாம். வெளித் தோற்றம் கூட்டையும் மூடியையும் மட்டுமே காட்டும். ஏஎம்சி பெட்டி நோர்ட்டனுக்கு மட்டும் உரியதல்ல, மட்ச்லெஸ், ஏஜேஎஸ் பெரிய வண்டிகளிலும் வந்தது. ஆகவே உருவம் ஏஎம்சி என்பதால் பெட்டி நோர்ட்டனிலிருந்து கழற்றப்பட்டது என்றாகிவிடாது. கூட்டுக்குள் எந்த கியர் தொகுதி இருக்கிறது என்பது இன்னொரு கேள்வி, பணம் செலவாவதும் அந்தக் கேள்வியில்தான்.

பிரிக்காமலே சோதிக்க ஒரு வழி உண்டு. கிளச்சைக் கழற்றிய பின் முதலாம் கியரைப் போட்டு, பின் செயின் ஓடும் ஸ்ப்ரொக்கட்டிலும், கிளச் இருந்த மெயின் ஷாஃப்டின் நுனியிலும் பெயின்ற் அடையாளம் இட்டு, ஸ்ப்ரொக்கட் சரியாகப் பத்துச் சுற்று வரும் வரை மெயின் ஷாஃப்டைச் சுற்றுங்கள். இருபத்தைந்தரையைச் சற்றுக் கடந்து நின்றால், உள்ளே இருப்பது கமாண்டோ காலத்து 2.56 விகிதம். இரண்டாம் கியரில் பதினேழு, மூன்றாம் கியரில் பன்னிரண்டுக்கு மேல் சற்று வர வேண்டும். வேறு எண்கள் வந்தால் அந்த எண்களை இங்கே எழுதுங்கள், பொருள் ஓடர் செய்ய வேண்டாம்.

இதைவிட முக்கியமானது பெட்டியைப் பிடித்திருக்கும் எஞ்சின் தட்டுகள். நிமிர்ந்த பெட்டிக்காகச் செய்யப்பட்ட தட்டுகளில் பிந்திய பெட்டியை ஏற்றியவர் துளைகளை என்ன செய்திருக்கிறார் என்று பாருங்கள்.

வெள்ளவத்தை_ஒற்றைச்சிலிண்டர் எழுதியது:

மிக்க நன்றி. பார்வைத் தகடும், அடியில் குவிந்த நட்டும் இருக்கின்றன. பத்துச் சுற்றுக்கு மெயின் ஷாஃப்ட் இருபத்தைந்தரைக்கு மேல் ஒரு விரலளவு சென்றது. உள் மூடியையும் திறந்துவிட்டேன்: பின் செயின் ஸ்ப்ரொக்கட்டைச் சுழற்றும் ஸ்லீவ் கியரில் 23 பற்கள், அதனுடன் பொருந்தும், லே ஷாஃப்ட் எனப்படும் இரண்டாவது ஷாஃப்டின் கியரில் 18, முதலாம் கியர் சோடியில் 14உம் 28உம் இருக்கின்றன. எஞ்சின் தட்டைப் பற்றி நீங்கள் கேட்டது சரிதான். மேல் பொல்ட் துளை அரத்தால் நீள்வட்டமாக்கப்பட்டிருக்கிறது, கீழ்க் காதின் இடப்பக்கம் மூன்று வாஷர்கள், வலப்பக்கம் ஒன்றுமில்லை. இதை வைத்துக்கொள்வதா, அல்லது அந்த ஆண்டுக்குரிய நிமிர்ந்த பெட்டியைத் தேடுவதா?

சங்கிலிக்_கோடு எழுதியது:

23ஐ 18ஆல் வகுத்து, 28ஐ 14ஆல் வகுத்து, இரண்டையும் பெருக்கினால் 2.56 வருகிறது. உள்ளே இருப்பது முழுமையாக அந்தத் தொகுதிதான்.

வைத்துக்கொள்ளுங்கள் என்பதே என் கருத்து. கண்காட்சிக்கு நிறுத்தும் வண்டியென்றால் நிமிர்ந்த பெட்டியைத் தேடலாம். காலி வீதி நெரிசலில் ஓட்டும் வண்டிக்கு, பாகம் இன்றும் புதிதாகக் கிடைக்கும் பெட்டியே நல்லது. ஆனால் அந்த வாஷர்களை அப்படியே விட்டுவிடக் கூடாது. எஞ்சின் ஸ்ப்ரொக்கட்டுக்கும் கிளச் ஸ்ப்ரொக்கட்டுக்கும் குறுக்கே நேர்விளிம்புச் சட்டம் ஒன்றை வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே கோட்டில் படியாவிட்டால், பிரைமரி செயின் பக்கவாட்டில் இழுபட்டு, கிளச் ஹப்பையும் மெயின் ஷாஃப்ட் பெயாரிங்கையும் சேர்த்தே தின்றுவிடும். அளந்த பின் வாஷர்களுக்குப் பதிலாக லேத்தில் ஒரே துண்டாக ஸ்பேசர் வெட்டுவியுங்கள். நீள்வட்டத் துளை கையால் அராவியது என்பதால் அதில் பெட்டி சாய்ந்து இருக்க வாய்ப்புண்டு. செயின் இழுவிசை சரிசெய்யும் அளவுக்கு மட்டும் இடம் விட்டு, மிகுதியை வெல்ட் செய்து மீண்டும் துளையிட வேண்டும்.

பழைய_கராஜ் எழுதியது:

வகை உறுதியாகிவிட்டதால் பாகங்களில் ஒன்றையாவது இங்கிலாந்திலிருந்து வரவழைக்கத் தேவையில்லை. லே ஷாஃப்டின் இடப்பக்கப் பெயாரிங் 17க்கு 40க்கு 12 மில்லிமீற்றர், அதாவது சாதாரண 6203 அளவு. பஞ்சிகாவத்தையில் நல்ல பெயாரிங் கடை எதிலும் கிடைக்கும். இந்தப் பெட்டியின் பலவீனமான இடமும் அதுவே என்பதால், பழையது கையில் சுழற்றும்போது நன்றாகத் தோன்றினாலும் மாற்றிவிடுங்கள். அது உடைந்தால் ஷாஃப்ட் சாய்ந்து கியர் பூட்டிக்கொள்ளும், ஓடும்போது பின் சக்கரம் இறுகிவிடக்கூடும். முடிந்தால் அதே அளவிலுள்ள உருளை பெயாரிங்கான என்ஜே203ஐப் போடுங்கள். ஆனால் அதைப் போட்டால் லே ஷாஃப்டின் நீளவாட்டு ஆட்டத்தை அளந்து ஷிம் எனப்படும் மெல்லிய வளையத் தகடு வைக்க வேண்டும்.

பழைய பெயாரிங்கைச் சுத்தியலால் தட்டி எடுக்க முயல வேண்டாம், அந்தப் பக்கம் கூடு மூடியிருக்கிறது. வெற்றுக் கூட்டை அடுப்பு அவனில் 100 பாகைக்குச் சற்று மேல் சூடாக்கி, மரப்பலகை மீது தட்டையாகக் குப்புறத் தட்டினால் தானாக விழும். மூடிய பின் ஈபி90 கியர் ஒயில் 0.42 லீற்றர் போதும்.