புதுப்பிப்பு: புதுப் படகின் உள்ளே அடியில் தண்ணீர் சேர்ந்ததற்குக் காரணம் கிடைத்துவிட்டது

படகு தயாரிக்கும் நிறுவனம் கைமாறிய பிறகு கட்டப்பட்ட என் மோட்டார் படகில், ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் உள்ளே அடியில் தண்ணீர் ஏன் சேர்கிறது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

முதலில் வடிகால் மூடியை மாற்றினேன். பயனில்லை. அப்புறம், படகை டிரெய்லரில் நிறுத்தி, ஹோஸால் கீழிருந்து மேலாகக் கொஞ்சம் கொஞ்சமாக நனைத்துப் பார்க்கச் சொன்ன யோசனைதான் கைகொடுத்தது. அடிப்பகுதியை நனைத்தபோது உள்ளே சொட்டுக்கூட இல்லை. பக்கவாட்டு ரப்பர் பட்டைக்கு வந்ததும் ஒழுக ஆரம்பித்தது. பட்டையைக் கழற்றினால், உடலும் மேல்தளமும் சேரும் இடத்தில் 2 அடி நீளத்துக்கு சீலண்டே (நீர் புகாமல் அடைக்கும் பசை) இல்லை! வெறும் திருகுகள், அவற்றிலும் சில ஃபைபர்கிளாஸைப் பிடிக்கவே இல்லை. சுத்தம் செய்து, கடல் பயன்பாட்டுக்கான பாலியூரித்தேன் சீலண்ட் பூசினேன். 4 ஓட்டம் ஆகிவிட்டது, உள்ளே காய்ந்தே இருக்கிறது.

எதிர்பாராத ஒன்று: பின்சுவரில் மீன் காட்டும் கருவியின் சென்சாரைப் பொருத்திய திருகுத் துளைகளிலும் சீலண்ட் இல்லை. தட்டினால் மந்தமான சத்தம். உள்ளே ஒட்டுப்பலகை ஈரம். காயவிட்டு, துளையை எபாக்சியால் (இறுகிக் கெட்டியாகும் பிசின்) நிரப்பி, மறுபடி துளையிட வேண்டும். அது இன்னும் பாக்கி. கைமாறும் முன் வந்த இதே மாடல் நண்பரிடம் இருக்கிறது. அதில் ஒவ்வொரு திருகைச் சுற்றியும் சீலண்ட் பிதுங்கி நிற்கிறது.