துருக்கியா ஜெயிச்சேன், மச்சான் போன் எடுக்கல. இது வெற்றிதானா?

பழையபேட்டைக்காரன் (கிருஷ்ணகிரி):

டிப்ளமசிங்கற போர்டு கேம் ஆடறவங்க இங்க நாலஞ்சு பேராவது இருப்பீங்கன்னு நம்பிக் கேக்கறேன். போன ரெண்டு ஞாயித்துக்கிழமையும் எங்க வீட்ல ஏழு பேர் உக்காந்து ஒரு ஆட்டத்தை முடிச்சோம். நான் துருக்கி. 1912 ஐப்பசில 18 சென்டர் தொட்டு தனியாளா ஜெயிச்சேன். அதுல இருந்து அஞ்சு நாளா மச்சான் போன் எடுக்கல. வீட்டுக்காரியோட தம்பி, ஓசூர்ல கம்பெனி வேலை, ரஷ்யா ஆடினவன். "நீ ஜெயிக்கல மாமா, உனக்குக் குடுத்தாங்க"ன்னு ஒரே ஒரு மெசேஜ் போட்டான், அவ்வளவுதான். அவன் சொல்றது சரியான்னு ஆட்டம் தெரிஞ்சவங்க சொல்லணும். நீளமாத்தான் எழுதறேன், பொறுத்துக்கோங்க.

ஆடாதவங்களுக்கு ரெண்டு வரி. தாயக்கட்டை கிடையாது, சீட்டும் கிடையாது. 1901-ல ஆரம்பிக்கற ஐரோப்பா மேப், ஏழு நாடு, 34 சென்டர். சென்டர்னா புடிக்க வேண்டிய முக்கிய இடம், 18 புடிச்சவன் தனியாளா ஜெயிச்சான். முதல்ல தனித்தனியாப் போய்ப் பேசுவோம், அப்புறம் துண்டுச்சீட்டுல ரகசியமா ஆர்டர் எழுதி எல்லாத்தையும் ஒரே நேரத்துல பிரிப்போம். தரையில ஆர்மி, கடல்ல ஃப்ளீட், எந்த யூனிட்டுக்கும் பலம் ஒண்ணுதான். பக்கத்துல இருக்கற இன்னொரு யூனிட் சப்போர்ட் குடுத்தாத்தான் அடுத்தவனைத் தள்ள முடியும். பேசினபடி எழுதணும்னு சட்டம் இல்ல. வருஷத்துக்கு ரெண்டு நகர்த்தல், வசந்தம், இலையுதிர். எங்க வீட்ல அது சித்திரை, ஐப்பசி. புதுப்படை கட்டற குளிர்காலம் மார்கழி.

பெட்டியோட விலையைப் பாத்துட்டு, மேப்பை மட்டும் ஃப்ளெக்ஸ்ல அடிச்சுட்டோம், நாலுக்கு மூணு அடி. கடைக்காரர் ரொம்ப நேரம் உத்துப் பாத்துட்டு "மாப்பிள்ளை போட்டோ எந்த மூலைல வைக்கறதுங்க?"ன்னார். ஆர்மிக்குப் புளியங்கொட்டை, ஃப்ளீட்டுக்கு சட்டை பட்டன், ஏழு கலர் நெயில் பாலிஷ். கருங்கடல்ல இருந்த பட்டன் ஒண்ணு காணாமப் போய் அரைமணி நேரம் தேடினோம். சகலையோட லுங்கி மடிப்புல இருந்துச்சு.

பிரான்ஸ் சகலை. இங்கிலாந்து அவரோட பொண்ணு, ஒன்பதாவது படிக்கறா. என்னை சித்தப்பான்னு கூப்பிடுவா. என் மச்சான் அவளுக்குத் தாய்மாமன், அவன் மடியில உக்கார வச்சுத்தான் காது குத்தினாங்க. இதை மனசுல வச்சுக்கோங்க. இத்தாலி என் வீட்டுக்காரி. ஆஸ்திரியாவும் ஜெர்மனியும் பக்கத்து வீட்டு அண்ணன் தம்பி, மாங்கூழ் ஃபேக்டரில இருக்காங்க. சீசன் ஓஞ்சதாலதான் அவங்களுக்கு ஞாயிறு கிடைச்சுது.

ஆரம்பத்துலயே மச்சானும் நானும் மொட்டைமாடி தண்ணி டேங்க் பக்கத்துல கைகுடுத்துக்கிட்டோம். கருங்கடல்ல ரெண்டு பேரும் ஃப்ளீட் வைக்கறதில்ல, ருமேனியா அவனுக்கு, பல்கேரியா எனக்கு. ரஷ்யாவும் துருக்கியும் சேர்ந்தா ஆட்டக்காரங்க அதை ஜக்கர்நாட்னு சொல்வாங்க. பேருக்கேத்த மாதிரி உருண்டுச்சு. ஆஸ்திரியா போச்சு, பின்னாடியே ஜெர்மனி போச்சு. 1907-ல வீட்டுக்காரியோட கடைசி சென்டர் நேப்பிள்ஸை நானே எடுத்தேன். அன்னிக்கு ராத்திரி உப்புமா. மீதி ஆட்டத்துக்கு சீட்டைப் பிரிச்சுப் படிக்கற வேலையை அவ எடுத்துக்கிட்டா, என் ஆர்டரை மட்டும் தனிக் குரல்ல படிச்சா.

1908 முடிவுல நான் 13, அவன் 9. 1909 சித்திரையில என் ஃப்ளீட் கருங்கடலுக்குள்ள போச்சு. "எதுக்கு மாமா இது?"ன்னு கேட்டான். "உனக்கு ஒத்தாசையா செவாஸ்டோபோல் வழியா ஒரு ஆர்மி அனுப்பறேன்டா"ன்னேன். ஐப்பசில ஆர்மி செவாஸ்டோபோலுக்குப் போச்சு, ஒத்தாசைக்கு இல்ல. ருமேனியாவும் அதே சீட்டுல. அவன் ஆள் மொத்தமும் ஜெர்மனிலயும் ஸ்காண்டிநேவியாலயும் மாட்டியிருந்தாங்க. அடுத்த வருஷம் வார்சா, மாஸ்கோ. நான் 17.

அங்கதான் வண்டி நின்னுச்சு. மேப்பைக் குறுக்கா வெட்டினா இந்தப் பக்கம் 17, அந்தப் பக்கம் 17 சென்டர். எதிர்ல இருக்கறவங்க ஒழுங்கா தோளோட தோள் நின்னாங்கன்னா 18-வதை எடுக்கவே முடியாது. மச்சான், சகலை, அந்தப் பொண்ணு மூணு பேரும் ஒண்ணாயிட்டாங்க. மாஸ்கோவுல இருந்து செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கை முட்டினேன், நார்வே தாங்குச்சு. மர்செய் பக்கம் சகலை சுவர் கட்டிட்டார். 1911 பூரா ஒண்ணும் அசையல. புதுப்படை சொந்த ஊர்லதான் கட்டலாம். கான்ஸ்டான்டினோபிள்ல கட்டின ஆர்மி பல்கேரியா, செர்பியா, புடாபெஸ்ட், வியன்னான்னு நடந்து பொஹீமியா போய்ச்சேர அஞ்சு நகர்த்தல், ரெண்டரை வருஷம். சேலத்துல இருந்து லாரில செங்கல் வரலாம், இது வராது.

1912 ஐப்பசி நிலவரம் இது. மியூனிக்ல மச்சானோட ஆர்மி. அதுக்குத் துணை பெர்லின்ல அவனோட இன்னொண்ணு, பர்கண்டில சகலை, கீல்ல பொண்ணு. நான் டைரோலியா, பொஹீமியா, சைலேஷியா. டைரோலியால இருந்து மியூனிக்குக்குப் போ, பொஹீமியா சப்போர்ட், சைலேஷியா பெர்லினை அடிச்சு அந்தத் துணையை அறுக்கணும். இவ்வளவும் பண்ணினாலும் என் பலம் 2, அவங்க பக்கம் மியூனிக், பர்கண்டி, கீல் சேர்த்து 3. போன மூணு தடவையும் இப்படித்தான் மோதித் திரும்பினேன்.

வீட்டுக்காரி ஒவ்வொண்ணா படிச்சா. சைலேஷியா பெர்லினுக்கு. பர்கண்டி மியூனிக்கைத் தாங்குது. கடைசியா இங்கிலாந்து சீட்டு. "கீல் ஆர்மி... டைரோலியா மியூனிக் போறதுக்கு சப்போர்ட்." ரெண்டு தடவை படிச்சா. 3-க்கு 2. மியூனிக் விழுந்துச்சு. மச்சான் மேப்பைப் பாக்கல, அக்கா பொண்ணைப் பாத்தான். நிப்பட் (தட்டவடை மாதிரி பலகாரம்) இருந்த தட்டை அப்படியே வச்சுட்டு எழுந்து போய் பைக்கை எடுத்துட்டான்.

அந்தப் பொண்ணு ஏன் அப்படி எழுதினான்னா, 1904-ல அவன் "தொடமாட்டேன்"னு சொல்லிட்டு அவகிட்ட இருந்து நார்வேயைப் புடுங்கினான். அதுக்கப்புறம் நான் அவகிட்ட ஒரு தடவைகூடப் பொய் பேசல. 1905-ல "டென்மார்க்கை விட்டு நகராதே, வர்றான்"னேன். வந்தான். 1908-ல "மியூனிக்ல இருந்து கீலுக்கு வருது, பெர்லின் சப்போர்ட். டென்மார்க்கை வச்சுத் தாங்கு"ன்னேன். தாங்கினா, அந்த ஆர்மி பொழச்சுது. அதே ஆர்மிதான் இது. கடைசி ஐப்பசிக்கு முன்னாடி டீ குடிக்கறப்போ மச்சான் என்கிட்ட வந்து, "பொண்ணைக் காலி பண்ணிட்டு நாம மூணு பேரா டிரா பண்ணிக்கலாம் மாமா"ன்னான். அதையும் அப்படியே போய் அவகிட்ட சொன்னேன். நான் ஒண்ணும் கேக்கல. சத்தியமா கேக்கல.

இப்போ சொல்லுங்க. நான் ஜெயிச்சேனா, குடுத்தாங்களா?

பாலக்கோடு_தக்காளி:

முதல்ல வாழ்த்துகள்ணா. நேர்ல ஏழு பேர் ஆடி தனியா 18 எட்டறதை நான் இதுவரைக்கும் பாத்ததே இல்ல. எங்க செட்ல அஞ்சாவது மணி நேரத்துல ஒருத்தருக்கு அம்மா போன் பண்ணிடுவாங்க, டிரா.

இந்த ஆட்டத்துல எல்லா ஜெயிப்பும் யாராவது குடுத்ததுதான். பலம் எல்லாருக்கும் ஒண்ணுன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. அப்படின்னா குடுக்கற ஆளைச் சம்பாதிக்கறதுதானே ஆட்டம்? இதை உருவாக்கின ஆலன் கால்ஹமர் 1959-ல சொந்தக் காசுல 500 பெட்டி அடிச்சார், பின்னாடி பல வருஷம் தபால்காரரா வேலை பாத்தார். ஊர் பூரா கடுதாசி குடுத்தவர் செஞ்ச ஆட்டத்துல இப்படிப் போட்டுக்குடுக்கறதுதான் ஜெயிக்குதுன்னா எனக்கு ஆச்சரியமே இல்ல.

ஃப்ளெக்ஸுக்கு எவ்வளவு ஆச்சு?

ஊத்தங்கரை_77:

மச்சான் சொன்னதுல பாதி நியாயம் இருக்கு, ஆனா வேற காரணத்துக்கு. நீங்க ரெண்டு வருஷம் முட்டி நின்னது உங்க தப்பு. 1909 மார்கழில ரெண்டு படை கட்டினீங்களே, ரெண்டும் ஆர்மி, அப்படித்தானே? அதுல ஒண்ணை ஸ்மிர்னால ஃப்ளீட்டா கட்டியிருக்கணும். ஏஜியன், அயோனியன், டைரேனியன், மேற்கு மத்தியதரைக் கடல். நாலு நகர்த்தல், 1911 ஐப்பசில அங்க நிக்கும். ஏற்கெனவே இருக்கற ஃப்ளீட்டோட சேர்ந்தா மிட் அட்லாண்டிக்கை நெருக்கலாம், ஸ்பெயின் ஆடிப்போகும். துருக்கி ஆடறவங்க எல்லாரும் செய்யற தப்பு இது. மாஸ்கோவைப் பாத்ததும் கடலை மறந்துடறது.

அந்தப் பொண்ணு ஆடினதும் எனக்கு ஒப்பல. சுவர் நின்னிருந்தா டிரா, அவளுக்கும் பங்கு உண்டு. கையில இருந்த பங்கைக் கிழிச்சுப் போட்டுட்டா.

அரூர்_அக்கா:

பங்கு எங்கிருந்துங்க? அவளைக் காலி பண்ணிட்டு டிரான்னு பேசினது தாய்மாமனே. சுவத்துல ஒரு செங்கல்லா ரெண்டு வருஷம் நின்னவளை எடுத்துட்டு மூணு பேரா பிரிச்சுக்கலாம்னு பேரம் பேசியிருக்கார். அவளைத் தவிர எல்லாரோட கணக்கையும் இங்க பேசறீங்க. ஒன்பதாவது படிக்கற பொண்ணு எட்டு வருஷ நகர்த்தலை ஞாபகம் வச்சு ஆடியிருக்கா, அந்தக் கீல் ஆர்டரை எழுத அவளுக்கு எவ்வளவு நேரம் ஆச்சுன்னு யாராவது பாத்தீங்களா?

தகடூர்_தூது (தர்மபுரி):

எல்லாரும் 1909-ஐயே புடிச்சுத் தொங்கறீங்க. பதிவரோட கடைசிப் பத்தியை இன்னொரு தடவை படிங்க. 1905-ல "டென்மார்க்கை விட்டு நகராதே, வர்றான்". அப்போ ரஷ்யா யாரோட கூட்டாளி? இவரோட. அவன் திட்டம் இவருக்கு எப்படித் தெரியும்? கூட்டாளின்னு நம்பி அவனே சொன்னது. அதைக் கொண்டுபோய் எதிராளிகிட்ட குடுத்திருக்கார். முதுகுல குத்தினது 1909-ல இல்லீங்க, 1905-ல இருந்தே கத்தி உள்ளதான் இருந்துச்சு, மச்சானுக்கு 1909-லதான் வலிச்சுது.

நான் தப்புன்னு சொல்லல. ஆட்டமா பாத்தா அழகான வேலை. எங்க ஊர் அதியமானுக்கு இந்த மாதிரி ஒரு ஆள் எதிர்ப்பக்கம் இருந்திருந்தா, சோழனும் பாண்டியனும் துணைக்கு நின்னும் பெருஞ்சேரல் இரும்பொறைகிட்ட தகடூர் போயிருக்காதோ என்னமோ. ஆனா "அவகிட்ட ஒரு தடவைகூடப் பொய் பேசல"ன்னு எழுதறப்போ, அந்த உண்மை யாரோட சொத்துன்னும் எழுதணும்ல?

மச்சானுக்கு அந்த 1905 விஷயம் தெரியுமா?

பழையபேட்டைக்காரன்:

தகடூராருக்கு: நீங்க கேட்டதைப் படிச்சுட்டு ராத்திரி தூக்கம் வரல. இதை நான் இப்படி யோசிச்சதே இல்ல. சின்னப் பொண்ணு அடிபடறாளேன்னுதான் முதல் தடவை சொன்னேன்னு நினைச்சுட்டு இருந்தேன். ரெண்டாவது தடவை சொன்னப்போ அப்படி இல்லன்னு எனக்கே தெரியும்.

ஊத்தங்கரையார் சொன்ன ஃப்ளீட் கணக்கு சரி. ரெண்டும் ஆர்மிதான். வெக்கமா இருக்கு. தம்பி, ஃப்ளெக்ஸ் விலையைத் தனியா அனுப்பறேன், இங்க எழுதினா வீட்ல படிச்சுடுவாங்க.

நேத்து சாயங்காலம் ஒரு பாக்கெட் நிப்பட் வாங்கிட்டு ஓசூருக்கே போயிட்டேன். கதவைத் திறந்தான். ருமேனியாவைப் பத்தியோ செவாஸ்டோபோலைப் பத்தியோ ஒரு வார்த்தை இல்ல. "டென்மார்க்கை நீதான் சொன்னியாமே மாமா" அவ்வளவுதான் கேட்டான். ஆமான்னேன். "யோசிச்சேன், அவளுக்கா அது தோணியிருக்குமான்னு"ன்னான். நிப்பட்டைப் பிரிச்சு நாலு தின்னான். கிளம்பறப்போ, அடுத்த ஆட்டத்துக்கு நாட்டுச் சீட்டு குலுக்கறது தான்தான்னு சொன்னான். சரின்னுட்டு வந்துட்டேன்.

அக்கா கேட்டதுக்கும் பதில் இருக்கு. அந்தச் சீட்டை வீட்டுக்காரி எடுத்து வச்சிருக்கா. மேல "மியூனிக்கைத் தாங்கு"ன்னு எழுதி அடிச்சிருக்கு. கீழ திரும்ப அதையே எழுதி, திரும்ப அடிச்சிருக்கு. மூணாவதாத்தான் எனக்கு.

இதை டைப் பண்ணிட்டு இருக்கறப்பவே அவகிட்ட இருந்து மெசேஜ். "சித்தப்பா, திங்கக்கிழமைல இருந்து மாமா எனக்கு தினமும் போன் பண்றார். அடுத்த ஆட்டத்துல நாங்க ஒண்ணு. உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னார்."

அவ எதுக்கு இதை என்கிட்ட சொல்றான்னு ஒரு மணி நேரமா யோசிச்சுட்டு இருக்கேன்.